லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஜாஸ்தி

ஜூலை 3, திங்கள்
விடிந்ததுமே சுள்ளென்று வெயில். பங்க் திறந்ததும் வந்த முதல் ஆள் டயருக்குக் காற்று பிடிக்க. பிடித்த கையோடு எதிரே செல்வம் பங்க்குக்குப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டான். காற்று நம்மிடம் ஓசி, பெட்ரோல் அவனிடம் கம்மி. நாசமாய்ப் போக.

அடுத்து ஒரு பெரியவர். "ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு ரேட்டு, இந்தாண்ட ஒரு ரேட்டா? இன்னாங்க அநியாயம் இது?"

பதில் சொல்லியே வாய் வலிக்கிறது. செல்வத்துடையது அரசாங்கக் கம்பெனி. அடக்க விலைக்குக் கீழே விற்றாலும் டில்லியில் ஈடு கட்டிவிடுவார்கள். என்னுடையது தனியார். அந்தச் சலுகை கிடையாது, அதனால் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஜாஸ்தி. விலை வைப்பது கம்பெனி, திட்டு வாங்குவது நான்.

வாங்க: பினாயில், பில் ரோல், காற்று மெஷினுக்குப் பூட்டு.

ஜூலை 5, புதன்
மேகமூட்டம். மழை இல்லை. மெஷினைப் பூட்டியாயிற்று. மத்தியானம் செல்வம் அங்கிருந்தே கத்தினான்: "காத்துக்கும் ரேட்டு ஏத்திட்டீங்களா அண்ணே?" அவன் ஆட்கள் சிரிப்பு. அண்ணனாம். யாருக்கு யார் அண்ணன்.

வீட்டில் அமுதா, "அவர் மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? சாப்புடுங்க" என்றாள். கீழ்பென்னாத்தூர் நிலத்தை விற்காதே என்று அன்றைக்கே சொன்னவள். விற்றுத்தான் இந்த வேங்கிக்கால் ரோட்டில் பங்க் வைத்தேன். இன்றுவரை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. காட்டினால் பதிலுக்குக் கத்தவாவது செய்யலாம்.

ஜூலை 8, சனி
புழுக்கம். கம்பெனி ஆபீசர் போன். விலை இறங்காதாம். "முடிஞ்ச வரைக்கும் ஓட்டுங்க சார்." திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு, கிரிவலக் கூட்டம் மொத்தமும் உங்களுக்குத்தான் என்று பல்லிளித்தவன் இதே ஆள். பம்பில் நின்ற இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் இப்போது செல்வத்திடம்.

ஜூலை 10, திங்கள். பௌர்ணமி
ஊரெல்லாம் வண்டி. சாயங்காலம் செல்வம் பங்க்கில் டீசல் காலி! 'ஸ்டாக் இல்லை' அட்டை. கிரிவலத்துக்கு வந்த வேன், பஸ் எல்லாம் என் பக்கம். அப்படி ஒரு சந்தோஷம். வேலூர் டிரைவர் ஒருவன்: "சாமி கும்புட வந்த எடத்துலயும் கொள்ளையா?"

"வேணாம்னா தள்ளிக்கினு போ."

முறைத்துவிட்டு, "போட்டுத் தொலை" என்றான். இருட்டுவதற்குள் என் டேங்க்கும் காலி.

ஜூலை 11, செவ்வாய்
தொண்டை கட்டிவிட்டது. லோடு கேட்டு போன் செய்தேன். இனி அனுப்புவதாக இல்லையாம். "மேல எடுத்த முடிவு சார்." மேலே யார், எந்த ஊர், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பாவிகள். அமுதாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்
புழுதிக் காற்று. பம்புகளைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். செல்வம் ரோட்டைத் தாண்டி வந்தான். இத்தனை நாளில் முதல் தடவை. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, பௌர்ணமி வந்தா வண்டி நிறுத்த எடம் பத்தல. உங்க எடம் இனிமே சும்மாத்தான கெடக்கும். வாடகைக்குக் குடுங்களேன்."

அதற்குள் தெரிந்துவிட்டது இவனுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டு விரட்ட நினைத்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை. அதில்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

"மாசம் எவ்ளோ தருவீங்க?" என்று கேட்டேன்.