நாலாவது ஆள்

அன்பு பேச்சி,

நான்தான் எழுதுகிறேன், நம்பு. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். கை மெல்லத்தான் நகர்கிறது. போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல், போர்டை நானே வாசித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நம் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் மட்டும்தான் எடுத்தேன். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் பயம் உண்டே. அப்படி மூன்று பேர் வந்தால் நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஓரத்தில் நிற்பாய். பிரிண்ட் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவேன். "ஊரு பூரா சொந்தக்காரியா நிக்கேன், கடைசியில என்னையத்தான வெட்டுதிய!" என்று சிரிப்பாய். நீ இல்லாத அந்த ஓரத்தைக் கேமராவுக்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேமராவை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, கடைசியாக ஒரு தடவை அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன்.

வழியெல்லாம் மலை மேகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக நின்றது. காற்றடித்தால் கலைந்து, மறுபடியும் கூடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கேமரா பைக்குள்ளேயே கிடந்தது.

வெயில் சாயும் நேரம், தேரடியில் மம்சாபுரத்து அக்கா தங்கைகள் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தாத்தா, தேருக்கு முன்னால ஒரு போட்டோ எடுங்க."

"மூணு பேரா நிக்கக் கூடாதுட்டி," என்றாள் மூத்தவள்.

"அந்தா நிக்கிற ஆட்டைப் பிடிச்சிட்டு வரட்டா?" என்றாள் கடைசித் தங்கை.

"வேண்டாம், உன்னையவிட அது லட்சணமா விழுந்துரும்!" என்றாள் நடுவில் நின்றவள்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். முதுகுக்குப் பின்னால் சூரியன். என் நிழல் தரையில் நீண்டுபோய், கடைசித் தங்கையின் பக்கத்தில், நீ நிற்கும் அதே ஓரத்தில் நின்றது. தன் நிழல் விழுந்தால் போட்டோக்காரன் நகர்ந்துகொள்வான். நான் நகரவில்லை.

"நாலாவது ஆளு வந்தாச்சு தாயி, கீழ பாருங்க."

"ஏயப்பா, எம்புட்டு நெட்டை!" மூன்று பேரும் சிரித்தபோது அமுக்கினேன்.

பிறகு கை நிற்கவில்லை. சுவரில் சாய்ந்த சைக்கிள் நிழல், பூக்காரியின் கூடை நிழல், படித்துறையில் மடிந்து மடிந்து இறங்கிய ஒரு குடை நிழல். பிலிம் தீரும்வரை எடுத்தேன்.

அந்த முதல் படத்தை வெட்டாமல் பெரிதாகப் போட்டு, ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருக்கிறேன். கீழே 'நாலு பேர்' என்று என் கையாலேயே எழுதினேன். "மூணு பேருதான இருக்காவ?" என்று கேட்கிறார்கள். நிழலில் எனக்கு இத்தனை அழகு ஏது, பேச்சி? நீயும் வந்திருந்தாயா?

நேற்று மூன்று பேர் வந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். ஓரத்தில் உனக்கு இடம் விட்டுத்தான் எடுத்தேன். இனி கத்தரி அந்தப் பக்கம் போகாது. நீ நின்றுகொள்.

வெட்டுவதை விட்டுவிட்ட,
உன் மாமன்
மாடசாமி