வ்யூஃபைண்டரில் ஆடிய மீன்கொத்தி

2008 நவம்பர், ஞாயிறு இரவு.

அமிர்தி காட்டில் இன்று தோஸ்த் சலீமும் நானும் கேமராவை மாற்றிக்கொண்டோம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி எனக்கு லென்ஸுக்குள் இருக்கிறது. கண்ணில் தெரியும் காட்சியே அசையாமல் நிற்கும். அவனுக்கு அது கேமராவுக்குள் இருக்கிறது. படம் தெளிவாக விழும், ஆனால் பார்க்கும்போது கை ஆடுவது அப்படியே தெரியும். தூரத்தை இழுத்துக் காட்டும் அவன் டெலி லென்ஸில் மீன்கொத்தி துள்ளிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா, இவ்ளோ ஆடுது?"

வாங்கிப் பார்த்தான். "எனக்கு ஆடலயேடா." பிறகு என் கையைப் பார்த்தான். 

பாழாய்ப்போன என் லென்ஸ், இத்தனை நாள் இதை என்னிடமே மறைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த என் மனைவி மேரி காபி கொடுத்தாள்.

"ஏன் அரை டம்ளர்?"

"தளும்பாம இருக்கட்டும்னு ரொம்ப நாளா அரைதாங்க ஊத்துறேன். நீங்கதான் கவனிக்கல."