விரிசலுக்குள் இருந்த நீலம்

கட்டிங் மேசையில் துணி விரிந்து கிடக்கிறது. அதன் மேல் உன் அட்டை: ‘தொடாதே மக்கா, தூங்குது.’ சாயப் பிரிவுக்கு மாறும் முன் நீ எழுதி வைத்தது. இன்று அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

நீதான் எனக்கு விளக்கினாய். இழுத்துச் சுற்றிய பின்னல் துணியை உடனே வெட்டினால் முதல் சலவையிலேயே சட்டை சுருங்கிவிடும். ஒரு நாள் தளர விட வேண்டும். “இதுக்கு உங்க காலேஜ்ல என்ன பேருலே, இன்ஜினியரு?” ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்றேன், உள்ளே தங்கிப்போன இழுப்பு. “பேரு வைக்கவா நாலு வருசம் படிச்ச?” என்று உன் தூத்துக்குடிச் சிரிப்புச் சிரித்தாய்.

இரும்பும் அப்படித்தான். வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள தகடு விடாது. இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். சாயத்தண்ணீரின் உப்பும் சூடும் சேர்ந்தால் வெல்டின் ஓரத்தில் விரிசல் கிளம்பும். அழுத்தத்தில் ஓடும் உன் சாய மெஷினின் கதவோரம் கசிந்தபோது வெல்டு வைத்து ஒட்டு மேல் ஒட்டு போட்டார்கள். தகட்டையே மாற்றிச் சோதிக்க இரண்டு நாள் கேட்டேன்.

“ரெண்டு நாளுங்களா? வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்டுங்க தம்பி,” என்றார் மேனேஜர்.

“இப்பதான் ஒழுகலைல்லா, ஓட்டுவோம்ல,” என்றாய் நீயும். நான் வாயை மூடிக்கொண்டேன். பனியன் துணிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் நாம் எல்லோரும்!

மூன்று வாரம் ஓடியது. பிறகு கதவு பிய்த்துக்கொண்டு வந்தது. நீ எதிரில் நின்றிருந்தாய்.

உன் காரியம் முடியும் முன்பே அறிக்கை தயாராகிவிட்டது: ‘அழுத்தம் இறங்கும் முன் தொழிலாளி அவசரப்பட்டுக் கதவைத் திறந்தார்.’ கீழே என் கையெழுத்துக்கு இடம். நேற்று உன் அம்மா போனில் கேட்டார்: “எம்புள்ள அவசரக்காரன் இல்லியே தம்பி?”

உடைந்த தகட்டைப் போய்ப் பார்த்தேன். அன்று நீ ஓட்டியது சிவப்புச் சாயம். உடைந்த பரப்பில் பாதி புதிதாகப் பளபளத்தது; மீதிப் பாதியில் நீலம் படிந்திருந்தது. அந்த மெஷினில் நீலம் ஓடியது அதற்கு நான்கு நாள் முன்பு. உன் கை அன்று கதவைத் தொடுவதற்கு எவ்வளவோ முன்பே விரிசல் பாதி தூரம் வந்திருக்கிறது.

மேனேஜரிடம் காட்டினேன். “சாயப்பட்டறைல கறை இல்லாம என்னங்க இருக்கும்?” என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. நீலத்தின் படங்களைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கேட்டதையும், அவர்கள் மறுத்தவுடன் நான் அடங்கிப்போனதையும் சேர்த்தே எழுதினேன்.

பக்கத்து மெஷினிலும் ஒட்டு இருக்கிறது. உன் அட்டையை எடுத்துப்போய் அதன் கதவில் மாட்டப்போகிறேன். எவன் கழற்றுகிறான், பார்க்கிறேன்.