இடக்கை முடிச்சு

ஐப்பசி 9, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. துணியும் காயவில்லை, நாயும் காயவில்லை. பிங்கியின் காது முடி இரண்டு பக்கமும் சடை பிடித்து, தேங்காய் நார் மாதிரி. சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓட்டம்.

தம்பி பாலு ஆசைப்பட்டு வாங்கிய நாய். அவன் ஆடி மாதம் படகிலிருந்து தவறி விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. மூன்று மாதமாக அவன் பெண்டாட்டி சுதாவும் நாயும் என்னோடு கோவில்பத்து வீட்டில்.

கால்நடை டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்:
- குளிப்பாட்டும் முன்பே சிக்கு எடுக்கணும். ஈரம் பட்டால் இறுகும்.
- சோளமாவு தூவி விரலால் பிரிக்கணும். அப்புறம்தான் சீப்பு.
- முடியின் அடியை மறு கையால் பிடிக்கணும். இல்லாவிட்டால் தோல் இழுபடும்.
- கத்தரிக்கோல் கூடவே கூடாது. காது மடலும் சேர்ந்து போய்விடும்.

போன வாரம் நான் ஷாம்பூ போட்டுத் தேய் தேய் என்று தேய்த்ததுதான் வினை. வலைக்கார வீட்டில் பிறந்தவளுக்கு, நனைந்த முடிச்சு இறுகும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியணுமா? வெட்கக்கேடு.

ஐப்பசி 10, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. சுதா பிங்கியின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் நுனியிலிருந்து வேர் வரைக்கும். இடது காதில் ஐந்து சிக்குக் கட்டி, வலதில் மூன்று. இரண்டு மணி நேரம். முதுகு ஒடிந்தது. விட்டதும் பிங்கி வீட்டை மூன்று சுற்று சுற்றி, என் ஆபீஸ் பையில் போய் உட்கார்ந்தது. சு. சிரித்தாள். மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை.

ஐப்பசி 11, ஞாயிறு

பால் காய்ச்சும்போது பிங்கி காலை உரசியது. குனிந்து காதைத் தடவினேன். மூன்று முடிச்சு.

சிக்கு இல்லை. சிக்கு எப்படி இருக்கும் என்று நேற்று முழுக்கப் பார்த்தவள் நான். இது வலை முடிச்சு. ஒரே அளவு இடைவெளி. சுற்று வலமிருந்து இடம் போகிறது. எங்கள் குடும்பத்தில் இடக்கைக்காரன் பாலு ஒருவன்தான். கை சும்மா இருக்காத பயல். பேசிக்கொண்டே பிங்கியின் காதில் முடிச்சு போடுவான், சு. திட்டிக்கொண்டே பிரிப்பாள். நாலு வருஷமாக தினம் நடந்த கூத்து.

சு. வந்து தொட்டுப் பார்த்தாள். "அவங்க போட்டதுங்க அண்ணி."

குரலில் பயமே இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

ஐப்பசி 12, திங்கள்

பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி, பிங்கியின் காது இரண்டையும் சேர்த்து உறை மாதிரி மாட்டிவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் உறை கழுத்தில். முடிச்சு ஏழு. பிங்கி காலி நாற்காலியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்கக் கை வரவில்லை. அப்படியே விட்டேன்.

மண்டபத்தூரிலிருந்து சித்தப்பா போன். "வியாழக்கிழமை அமாவாசையோட முடிச்சிருவோம்மா. தர்ப்பைப் புல்லுல அவன மாதிரி ஆளு செஞ்சு கடக்கரையில காரியம் பண்ணிரலாம். எத்தினி நாளைக்கு அவன அந்தரத்துல நிறுத்துறது? அந்தப் புள்ளைய கூட்டிக்கிட்டு வா."

சு.விடம் சொன்னேன். "முடிச்சு போடுற மனுஷனுக்கு யாராவது கருமாதி பண்ணுவாங்களா? நான் வரமாட்டேங்க அண்ணி. என் தாலியில யாரும் கை வைக்கக் கூடாது."

அவள் வராமல் காரியம் இல்லை. காரியம் ஆகாவிட்டால் இப்படியே உட்கார்ந்திருப்பாள், முப்பது வயதில், நாயின் காதைப் பார்த்துக்கொண்டு. என்ன செய்வேன் நான்?

ஐப்பசி 13, செவ்வாய்

அரை நாள் லீவு. பகல் ஒன்றரைக்கு வீடு. நல்ல வெயில்.

சு. பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிங்கி. அதன் தொண்டையில் ஒரு முனகல், பாலு தடவினால் மட்டும் வரும் முனகல். சு.வின் இடது கை அதன் காதில். முடியைச் சுற்றி, நுழைத்து, இழுத்து. எட்டாவது முடிச்சு. போட்டு முடித்து, இறுகிவிட்டதா என்று சுண்டு விரலால் ஒரு தட்டு. அது பாலுவின் வழக்கம்.

சு. வலக்கைக்காரி. தருமபுரத்துக்காரி, குமாஸ்தா வீட்டுப் பெண். வலை ஊசியைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். பிரித்துப் பிரித்து விரலுக்குப் பழகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். "பாலு" என்றேன்.

கை நின்றது. சு.வின் மூச்சு மாறவில்லை.

"போதும்டா. அவ பாவம்டா. விட்டுருடா தம்பி."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தக் கை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தது. எட்டையும்.

மூன்று மணிக்கு சு. எழுந்தாள். காதைப் பார்த்தாள். "நீங்க பிரிச்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவனே பிரிச்சுட்டான் சுதா. நான் பார்த்தேன்." யார் கையால் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பிங்கியின் காதை ஒருமுறை நீவிவிட்டாள். அப்புறம், "வியாழக்கிழமை எத்தனை மணிக்குங்க அண்ணி?" என்றாள்.

ஐப்பசி 15, வியாழன். அமாவாசை

காரியம் முடிந்தது. புல் ஆளுக்கு அவன் நீலச் சட்டை. தாலியைக் கழற்றும்போது சு. வாய் விட்டு அழுதாள். நானும்தான். மேலே எழுத முடியவில்லை.

ஐப்பசி 16, வெள்ளி

பிங்கிக்கு லேசாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சீவினேன். சீப்பு எங்கும் நிற்கவில்லை. இதற்குத்தானே பாடுபட்டேன்? எங்கேயாவது மாட்டாதா என்று மறுபடியும் சீவினேன்.

ஐப்பசி 17, சனி

மழை. காலையில் இரண்டு காதையும் தேடினேன். ஒன்றுமில்லை. இனி என்றைக்கும் இருக்காது. சு. குளிக்கப் போயிருந்தாள். நானே ஒரு முடிச்சு போட்டேன். என் தம்பி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

சு. ஈரத் தலையோடு வந்து பிங்கியைத் தூக்கினாள். அவள் விரல் முடிச்சில் பட்டது. வழக்கமாகப் பிரிக்கும் பக்கம் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இது வலது கை" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாயை என் மடியில் வைத்தாள்.

"பிரிச்சு விடுங்க அண்ணி. அதுக்கு வலிக்கும்."