டன்ஃபி மேட்டில் விழுந்த உரமும் என் வெள்ளை விரிப்புகளும்

அனுப்புநர்:
திருமதி வினிஃப்ரெட் டன்ஃபி,
டன்ஃபி மேடு, வால்காபின் பள்ளத்தாக்கு,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேய்ச்சல்நில மேம்பாட்டு வாரியம்,
வால்காபின்.

பொருள்: எங்களைக் கேளாமல் எங்கள் மேட்டில் விமானத்திலிருந்து உரம் கொட்டியது, வரும் மார்ச் 12 அன்று மீண்டும் கொட்டவிருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை என் கணவர் ஃப்ராங்க் எழுதியிருக்க வேண்டும். அவர் மரியாதை தெரிந்தவர். எழுதினால் தங்களுக்கு நன்றி சொல்லியே முடித்துவிடுவார். ஆகவே நான் எழுதுகிறேன்.

1. நாங்கள் முன்னேற்றத்தின் விரோதிகள் அல்ல. ஓடைக்கரை நிலம் முழுவதும் தங்கள் வாரியம் சொன்னபடியே உழுது, சூப்பர் பாஸ்பேட் இட்டு, க்ளோவர் தீவனம் விதைத்திருக்கிறோம். வசந்தத்தில் அது நன்றாகவே இருக்கிறது. கோடை பிறந்ததும் காய்ந்து சருகாகிவிடுகிறது. அந்த மாதங்களில் எங்கள் செம்மறிகளுக்குச் சோறு போடுவது வீட்டுக்குப் பின்னாலுள்ள மேடு. அங்கே கலப்பை பட்டதே இல்லை. இந்த மண்ணின் கங்காருப்புல் அங்கே கோடையில்தான் பச்சை கட்டும். நாற்பத்து நான்காம் ஆண்டு வறட்சியில் பள்ளத்தாக்கே ஆடுகளைச் சுட்டுப் புதைத்தபோது, எங்கள் தாயாடுகள் அந்த மேட்டில் நின்று மேய்ந்தன. அது போனால் மந்தையை விற்க வேண்டியதுதான்.

2. சென்ற ஆண்டு மார்ச் மாதம், பக்கத்துக் கீகன் குடும்பத்தார் தம் நிலத்துக்கு விமான உரம் கேட்டிருந்தார்கள். எந்த நிலம் என்று விமானிக்குத் தெரிய, அவர்கள் வேலியில் வெள்ளைத் துணி கட்டுவது தங்கள் அலுவலர் திரு. லயனல் ப்ரோத்தரோவின் பொறுப்பு. அவர் துணியோடு கிளம்பி, வழியில் விடுதியில் காலை உணவுக்கு அமர்ந்துவிட்டார். அன்று திங்கட்கிழமை. இங்கே திங்கட்கிழமை துணி துவைக்காத வீடு கிடையாது. நான் என் படுக்கை விரிப்புகளை, காற்று நன்றாக வருகிறதென்று, மேட்டு வேலியில் உலர்த்தியிருந்தேன். விமானம் வந்தது. உரமும் க்ளோவர் விதையும் மேட்டின் பாதியில் விழுந்தன. மீதி என் விரிப்புகளில் விழுந்தது.

விமானியைக் குறை சொல்ல மாட்டேன். "வெள்ளைத் துணி தெரியுற வேலின்னு சொன்னாங்க, போட்டேன். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதும்மா," என்றார். நியாயமான மனிதர்.

3. திரு. ப்ரோத்தரோ மதியம் வந்தார். மீசையில் முட்டை ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், என் முட்டாள்தனம். "அடடா, எதுக்கும்மா இவ்ளோ கோவம்? ஓசியில உரம் கெடச்சிருக்கு, சந்தோஷப்படுங்க!" என்றார். ஃப்ராங்க், "போனாப் போகுது விடு வினி, தெரியாமப் பண்ணிட்டாரு," என்றார். டெல்மா கீகன் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "ஏன் சார், திங்கக்கிழமை துணி காயும்னுகூடத் தெரியாதா? உங்க சட்டைய யாரு சார் துவைக்கிறா?" அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

4. உரம் விழுந்த பாதியில் அந்தக் குளிர்காலமே முட்செடிகள் கிளம்பிவிட்டன. க்ளோவரும் முளைத்தது, டிசம்பர்க் கோடையில் செத்தது. இப்போது அங்கே முள்ளும் புழுதியும் இருக்கின்றன, ஊடே திணறிக்கொண்டு கொஞ்சம் கங்காருப்புல். உரம் விழாத பாதியில் ஆடுகள் இன்றும் மேய்கின்றன. தாங்கள் வந்து பார்க்கலாம். முட்டை வேண்டுமானால் நானே பொரித்துத் தருகிறேன்.

5. இத்தோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக, சென்ற வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மேடு "உரிமையாளர் மனமுவந்து அளித்த முன்மாதிரி நிலம்" என்று திரு. ப்ரோத்தரோ அறிக்கை கொடுத்திருக்கிறாராம். ஆகவே மீதிப் பாதிக்கும் உரம் கொட்டி, பரம்பு ஓட்டி, பழைய புல்லை அறவே நீக்கித் தருவார்களாம். தன் தவறு வெளியே தெரியக் கூடாதென்று ஒரு மனிதர் எங்கள் மேட்டையே புதைக்கப் பார்க்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனவே, இரண்டாம் உரமிடலை ரத்து செய்து, மேட்டை அதன் சொந்தப் புல்லோடு விட்டுவைக்கும்படி எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டுகிறேன்.

ஒரு தகவல். மார்ச் 12-உம் திங்கட்கிழமையே. உத்தரவு வராவிட்டால் அன்று பள்ளத்தாக்கின் பெண்கள் எல்லோரும் வெள்ளை விரிப்புகளை வேலிகளில் உலர்த்துவதாக இருக்கிறோம். தேவாலய வேலியைப் பாதிரியாரின் மனைவி ஏற்றிருக்கிறார். திரு. ப்ரோத்தரோவின் ரோஜாத் தோட்டத்து வேலி டெல்மாவுக்கு. தாங்கள் தலைவராக உள்ள புல்தரைப் பந்தாட்டக் கழகத்தின் வேலியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். விமானிக்கு வெள்ளைத் துணி தெரிந்தால் போதும், பாவம்.

இங்ஙனம்,
வினிஃப்ரெட் டன்ஃபி

இடம்: வால்காபின் பள்ளத்தாக்கு
நாள்: 2 மார்ச் 1956