முப்பத்தாறு என்று எழுதிய நான்கு நாட்கள்

பாப்பா, இந்த மடலில் எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உன்னைப் பற்றி நான்கு நாட்கள் பொய் எழுதியவள் நான். அதனால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்று பள்ளி விட்டு வந்ததும், ஜாக்கெட் தைக்கச் சொல்லி வந்த ஒருவருக்கு அளவெடுக்க டேப்பைக் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். டேப்பில் இன்னும் வசம்பு வாசனை. உன் நெற்றியில் அம்மா தடவியது. நீ போய் இரண்டு மாதமாகிறது.

ஒரகடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீ பிறந்தாய். நர்ஸம்மா உன்னைக் குப்புறப் போட்டுத் துடைத்தபோது, இடுப்புக்கு மேலே முதுகின் நடுவில் ஒரு மெத்தென்ற புடைப்பு இருந்தது. தோல் மூடியிருந்தது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். நீ காலை இழுக்கவில்லை. "முதுகெலும்பு சரியா மூடாம இருக்கலாம். மெட்ராஸ்ல காட்டித்தான் ஆகணும்" என்றார். பச்சை உடம்போடு எப்படிப் போவது என்று அம்மா அழுதாள்.

"சரி, பத்துப் பதினைஞ்சு நாள்ல போங்க. ஆனா தலை வேகமாப் பெருசானா அன்னைக்கே கிளம்பணும். உள்ள தண்ணி சேருதுன்னு அர்த்தம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒன்பதாவதுதானே? தினம் காலையில அள. புருவத்துக்கு மேல, பின்மண்டை மேட்டைச் சுத்தி. நோட்டுல எழுதி வை."

எனக்கு ஒரே பெருமை. அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த படத்தில் தண்டுவடம் நேர்கோடாக இருந்தது. மூடாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கும் போடவில்லை.

முப்பத்தைந்து சென்டிமீட்டர். முப்பத்தைந்தரை. முப்பத்தாறு. ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகம் சுருங்கியது. பிறந்த குழந்தையை அளந்தால் கண்பட்டுவிடும் என்பது அவள் பயம்.

"இன்னாடி சும்மா சும்மா அளந்துகினு கீற? கொயந்தைக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"நர்ஸம்மா சொன்னாங்கம்மா."

"அவுங்க சொல்லுவாங்க. பெத்தவளுக்குத்தான் வவுறு எரியும்."

எட்டாம் நாள் முப்பத்தாறரை வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றி இறுக்கிப் பிடித்தேன். முப்பத்தாறு வந்தது. அதையே சத்தமாகச் சொன்னேன். "அப்பாடா" என்று அவள் உன்னை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த முகத்துக்காக மறுநாளும், அதற்கு மறுநாளும், பதினோராம் நாளும் அதே எண்ணை எழுதினேன். உன் உச்சிக்குழி புடைத்து நின்றதைப் பார்த்தேன். உன் கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்ததையும் பார்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் நர்ஸம்மா வந்தார். நோட்டைப் புரட்டினார். "ஏம்மா, நாலு நாளா ஒரே நம்பரா?" அவரே அளந்தார். முப்பத்தெட்டரை. அப்பாவைக் கூப்பிட்டு, "இப்பவே கிளம்புங்க" என்றார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினோம். தாம்பரம் வருவதற்குள் நீ மூன்று முறை பால் கக்கினாய்.

அதற்குப் பிறகு ஏழு நாட்கள்தான் இருந்தாய். முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம், பெயரில்லாமலே போய்விட்டாய். போவதற்கு முந்தைய நாள் வார்டு வாசலில் டாக்டரம்மாவை நிறுத்தி, நான் செய்ததைச் சொன்னேன். "அந்த நாலு நாளாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் அவர்.

இன்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவரிடம் அம்மா சொன்னாள்: "இவ டேப்ப வெச்சி வெச்சி அளந்தா, கண்ணு பட்டுப்போச்சி." அளந்ததால் நீ போனாய் என்கிறாள் அவள். சரியாக அளக்காததால் என்று நான் நினைக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இந்த மடலை முடித்ததும் படித்துக் காட்டப் போகிறேன்.

உன் நினைவாக என்னோடு இருப்பது ஒன்றுதான்: பொய் சொல்லாமல் உன்னைக் கடைசியாக அளந்த அந்தப் பொழுது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முதல் நாள், டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "யார் அளந்தது? எங்க, எப்படி அளந்தேன்னு காட்டு" என்றார். அம்மா பக்கத்திலேயே நின்றாள். உன் புருவத்துக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி, இறுக்காமல் பிடித்தேன். நீ என் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டாய். "முப்பத்தெட்டரை" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவள் என்னைத் தடுக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு டார்ச்சை எடுத்தார். தலைக்குள் தண்ணீர் நிறைய இருந்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும், இருட்டில்தான் பார்க்க முடியும் என்றார். அம்மா என் தோளைப் பிடித்தாள். ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, அறையின் விளக்குகளை அணைத்தார்கள்.