இரண்டாவது பெயர்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் ஓரின் பத்திரிகையை மடித்து, அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். மடித்த விதமே சரியில்லை. எடுத்துப் பார்த்தேன். நான்காம் பக்கம். நவம்பர் தேர்தலில் துணை அதிபர் ஓரின் டெஸ்டாலையே, அதாவது என் புருஷனையே, தன்னோடு மறுபடி நிறுத்துவதா, வேறு ஆளைப் போடுவதா என்று அதிபர் லைல் ஹட்சன் யோசிக்கிறாராம். ஓரினுக்குப் பதிலாகப் பென்சில்வேனியா கவர்னர் செலஸ்ட் மாரோ நின்றால் அந்த மாநிலத்தில் மூன்று சதவீதம் ஓட்டுக் கூடும் என்று யாரோ ரகசியமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. படத்தில் பல்லெல்லாம் வரிசையாக இருக்கிறது. எனக்கும் ஓரினுக்கும் சேர்த்து நூற்று இருபத்தெட்டு.

நாடு முழுக்க ஓரினை 'அவர்' என்கிறது. கல்லூரியில் என் பெஞ்சுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இந்த நோட்டில் அவன், அவன்தான்.

இங்கே மட்டும்தான் எழுத முடியும், எழுதிவிடுகிறேன். படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஜூன் 5, புதன்

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடிக்கொண்டிருந்தேனாம். ஜன்னலிலிருந்து ஓரின் கேட்டான்: "என்ன, சந்தோஷமா இருக்க போல?" வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

தேவாலயத்தில் எல்லோரும் எங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே அன்பாக இருந்தார்கள். சாவு வீட்டில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி.

சாவு வீடு ஓரினுக்குப் புதிதில்லை. துணை அதிபரின் வேலையே பாதி அதுதான். வெளிநாட்டில் எந்த ராஜா செத்தாலும், எந்தப் பிரதமர் செத்தாலும், கறுப்புக் கோட்டோடு விமானம் ஏற வேண்டும். போன வருடம் மட்டும் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்றுக்குப் போயிருந்தபோதுதான் என் அண்ணன் எல்மர் செத்தான். நான் தனியாக நின்றேன். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு விமான நிலையத்தில் ஓரினே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு இடத்தில் அடைப்பு. எடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம் மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரிதான். ஆனால் அந்த நாற்காலியில் அவன் முகம் இருந்த நிறம் எனக்குத் தெரியும்.

மத்தியானம் தொலைக்காட்சியில் ஒருவன் கிண்டல் செய்தான். நெப்ராஸ்காவில் ஓரின் மாட்டு வைத்தியராக இருந்ததை யாரும் விடுவதில்லை. "பிரசிடென்ட்டுக்கு ஜலதோஷம் பிடிச்சா துணை அதிபர் என்ன பண்ணுவாரு? பல்லைப் பாத்து வயசு சொல்லுவாரு!"

ஓரின் சிரித்தான். "தப்பு. முதல்ல வாலைத் தூக்கிப் பாக்கணும்."

சிரித்து முடித்த பிறகு ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 13, வியாழன்

க்ரேடி ஸ்லோன் வந்தான். அதிபரின் அலுவலகத்தை நடத்துபவன். அவனைத் தாண்டித்தான் யாரும் அதிபரைப் பார்க்க முடியும். ஓரின் செனட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான். குளிர்ந்த தேநீர் கொடுத்தேன்.

"மிஸஸ் டெஸ்டால், நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

"என்ன சொல்லணும்?"

"உடல்நலக் காரணங்களுக்காக விலகறேன், குடும்பத்தோட இருக்கப் போறேன்னு அவரே ஒரு அறிக்கை விட்டா போதும். ஜனங்க கைதட்டி அனுப்பி வைப்பாங்க. யாருக்கும் அவமானம் இல்ல."

"அவன் நல்லா இருக்கான்னு மார்ச்ல டாக்டர் எழுதிக் குடுத்தாரே. நீங்கதானே அதைப் பேப்பருக்கே குடுத்தீங்க?"

"டாக்டர் சொல்றது வேற. பொண்டாட்டி பயப்படறது வேற." தேநீரைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான். "உங்க பயம் பொய்யில்லையே?"

பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

"நீங்க இங்க வந்தது பிரசிடென்ட்டுக்குத் தெரியுமா?"

"அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும், மேடம்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இருந்தும் வாசல் வரை போய் வழியனுப்பினேன். நான் மூன்றரை வருடமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டுப் போகிறான். எடுத்துக்கொண்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

ஜூன் 15, சனி

சொல்லிவிட்டேன். சொல்லித் தொலைத்துவிட்டேன்.

காலை உணவு. ஓரின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "போதும் ஓரின், ஊருக்குப் போயிடலாம். உடல்நலக் காரணங்களுக்காக விலகறேன்னு சொல்லிடு" என்றேன்.

கத்தி நின்றது.

"க்ரேடி எப்ப வந்தான்?"

"யாரு?"

"நாப்பது வருஷமா உன்கூட இருக்கேன். 'உன் நெஞ்சு' தெரியும், 'உன் பாழாப்போன நெஞ்சு' தெரியும். 'உடல்நலக் காரணங்கள்'னு நீ என்னிக்குடி பேசியிருக்க? அது உன் வார்த்தையே இல்ல."

என் முகமே சொல்லியிருக்கும்.

"என்னை வேணாம்னு சொல்ல லைலுக்கு உரிமை இருக்கு, வெர்னா. பிரசிடென்ட் அவன். ஆனா அதைச் சொல்ல உன்னை அனுப்பற உரிமை எவனுக்கும் இல்ல." எழுந்தான். "நீயும் போய் நின்னியே."

வெளியே போய்விட்டான். பின்னாலேயே காவலர்கள் ஓடினார்கள். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். என்ன காரியம் செய்தேன் நான்? எனக்கு ஆசை இருந்தது சரி. அதை என் வாயால் சொல்லக்கூடத் தைரியமில்லாமல் அந்த க்ரேடியின் வாயை இரவல் வாங்கிக்கொண்டேனே.

ஜூன் 16, ஞாயிறு

பேசவில்லை. உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

செருப்பு அலமாரி முன்னால் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. க்ரேடி வருவதற்கு முன்பே, பத்திரிகையில் பார்த்த அன்றைக்கே, எனக்கு அந்த ஆசை இருந்தது என்று சொன்னேன்.

"தெரியும். பாட்டு பாடினியே."

"அன்னிக்கே தெரியுமா?"

"நீ பாடறது அவ்வளவு அபூர்வம்." துணியை மடித்தான். "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டாத்தானே? கவர்னருக்கு நிக்கறப்ப முடிவு பண்ணிட்டு என்கிட்ட சொன்ன. துணை அதிபருக்கு நீ நிக்கற சேதியை நான் டிவியில பாத்தேன். உலர்ந்த துணிய மடிச்சிட்டிருந்தேன்."

மடித்த துணியை மறுபடி பிரித்தான். பிறகு "ஆமா" என்றான். அவ்வளவுதான். ஆனால் என் பூட்ஸையும் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

ஜூன் 20, வியாழன்

வாரா வாரம் வியாழக்கிழமை அதிபரும் ஓரினும் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். இரண்டு வாரமாகப் பயிர், வெள்ளம், வரி என்று எல்லாவற்றையும் பேசினார்கள், இதை மட்டும் பேசவில்லை. இன்றைக்கு ஓரினே ஆரம்பித்திருக்கிறான். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"சூப்பு வர்றதுக்குள்ளயே கேட்டுட்டேன். லைல், என்னை மாத்தறதுன்னா மாத்து. ஓட்டுக்காக மாத்தறேன்னு வெளிப்படையா சொல்லு, நான் பக்கத்துல நின்னு கைதட்டறேன். ஆனா என் நெஞ்சைச் சாக்குச் சொல்லாத. என் பொண்டாட்டிகிட்ட ஆள் அனுப்பாதன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஸ்பூனைக் கீழ வெச்சுட்டான். க்ரேடி உன்கிட்ட வந்தது அவனுக்குத் தெரியாது. காது வரைக்கும் செவந்து போச்சு. 'நான் இன்னும் முடிவு பண்ணல ஓரின்'னான். அது இன்னும் மோசம், பேப்பர்காரன் முடிவு பண்ணிட்டிருக்கான்னேன். அப்ப திடீர்னு, 'என் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அந்த மூணு சதவீதம் நெஜமா இருந்தா மாத்துவேன்னேன்."

"ஓரின்!"

"நெஜத்தைத்தானே சொல்லணும்? ஆனா ஜெயிச்சப்புறம் நாலு வருஷம் வியாழக்கிழமை வியாழக்கிழமை அந்த ஆளோடதான் சாப்பிடணும், அதையும் யோசிச்சுக்கோன்னேன்."

தன்னை மாற்ற வேண்டிய காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. கோட்டை வாங்கி மாட்டினேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஜூன் 24, திங்கள்

ஒன்றும் இல்லை. தொலைபேசி மூன்று முறை அடித்தது. மூன்றும் தையற்காரர்.

ஜூன் 27, வியாழன்

அதிபர் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார். சாப்பாடு ரத்து. "ஆக, அவளைப் பாக்கப் போயிருக்கான்" என்றான் ஓரின். புத்தகங்களை எந்தப் பெட்டியில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

ஜூலை 1, திங்கள்

அதிபரே வந்தார். சொல்லாமல் கொள்ளாமல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்து, நான் நறுக்கிவைத்திருந்த பீச் பழத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல்ல உன்கிட்ட, வெர்னா. க்ரேடி செஞ்சது அசிங்கம். ஆனா நான் வாயைத் திறந்து பேசியிருந்தா அவன் வந்திருக்க மாட்டான். தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ."

நானும் தப்புச் செய்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"செலஸ்ட் கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் அதிபர். "ஒரு மணி நேரம் பேசினேன். பதினோரு தடவை 'நீங்க சொல்றது சரி சார்'னா. அதுல ரெண்டு நான் வேணும்னே தப்பா சொன்னது."

"சின்ன வயசு. போகப் போகக் கத்துக்குவா" என்றான் ஓரின்.

"இருக்கலாம். எனக்கு இப்ப வேணும். மூணரை வருஷத்துல நீ எனக்கு எத்தனை தடவை முடியாதுன்னு சொல்லியிருக்க, ஞாபகம் இருக்கா?"

"நாலு."

"ஆறு. திரும்பி வரும்போது ஃப்ளைட்ல உக்காந்து எண்ணினேன். அதுல அஞ்சுல நீ சொன்னது சரி."

"ஆறாவது?"

"விவசாய மானியம். அதுல நீ தப்பு."

"தப்பே இல்ல."

"ஏழு" என்றார் அதிபர்.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் முகம் மாறியது. "அந்த மூணு சதவீதம் நெஜமாவே இருக்கலாம். அது இல்லாம நான் தோக்கவும் தோக்கலாம். தெரிஞ்சுதான் கேக்கறேன். கூட நிக்கறியா?"

ஓரின் உடனே தலையாட்டுவான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன், லைல். இங்க இன்னொருத்தரைக் கேக்கணும்."

ஜூலை 3, புதன்

கேட்டான். தோட்டத்தில், நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு. "நீ வேணாம்னா வேணாம். நெஜமாத்தான் சொல்றேன். அப்புறம் குத்திக் காட்ட மாட்டேன்."

பதில் கைவசம் இருந்தது. எத்தனையோ நாளாக. ஆனால் வாயில் வந்தது வேறு. "உனக்கு வேணுமா?"

"வேணும்" என்றான். சின்னக் குரலில். "அவனுக்கு முடியாதுன்னு சொல்ல ஆள் வேணும். நான் அதை நல்லா செய்யறேன்னு நெனைக்கிறேன்."

"அப்ப நில்லு. ஆனா நம்ம சொந்தத்துல யாராவது செத்தா நீ வந்தாகணும். அன்னிக்கு எந்த ராஜா செத்திருந்தாலும் சரி."

"எழுதித் தரணுமா?"

"ஆமா."

ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இந்த நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன். ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கட்சி மாநாடு முடிந்தது. மேடையில் இரண்டு பெயரும் பழையபடியே. க்ரேடி கை நீட்டினான். "என்மேல கோபம் இல்லையே, மிஸஸ் டெஸ்டால்?" "இருக்கு" என்றேன், சிரித்துக்கொண்டே. கையையும் குலுக்கினேன்.

நவம்பர் 6, புதன்

தோற்றுவிட்டோம்.

காலை ஏழு மணிக்கு ஓரின் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் மாநிலவாரி ஓட்டுக் கணக்கு எழுதிய ஒரு தாள். பென்சில்வேனியாவில் இரண்டு சதவீதத்தில் போயிருக்கிறது. "நான்தான்" என்றான். "நான் ஒதுங்கியிருந்தா ஜெயிச்சிருப்பான். மூணு சதவீதம்னு அப்பவே சொன்னாங்க." நான் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. அவன் முகம் அந்த விமான நிலைய நாற்காலியில் இருந்த நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன்.

அப்போது அதிபரே கூப்பிட்டார். நானும் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"நீ என்ன யோசிச்சிட்டு உக்காந்திருப்பன்னு தெரியும். சரி, பென்சில்வேனியா போச்சு. ஒஹையோ? விஸ்கான்சின்? அரிசோனா? எல்லாமே போச்சே! செலஸ்ட் என்ன, நாலு எடத்துலயுமா கவர்னரா இருக்கா? பென்சில்வேனியாவைச் சேத்தாலும் தோல்விதான். கூட்டிப் பாரு."

ஓரின் தாளின் ஓரத்தில் கூட்டினான். மறுபடி கூட்டினான்.

"என்ன வருது?"

"தோல்விதான்."

"தோத்தது நான், ஓரின். நீ கூட நின்ன, அவ்வளவுதான். இதையாவது என்கிட்ட இருந்து புடுங்கிக்காத."

தொலைபேசியை வைத்துவிட்டு ஓரின் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரை. அப்புறம் பூட்ஸைக் கழற்றினான்.

அப்பாடா என்றேன். சத்தமாகவே. "எனக்கும்தான்" என்றான்.

ஜனவரி 20, திங்கள்

பன்னிரண்டு மணிக்குப் பதவி முடிந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு என் காதருகே குனிந்து, "இப்ப நான் யாரு?" என்றான். "மாட்டு டாக்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி. கியர்னி, நெப்ராஸ்கா

பதவி முடிந்த பிறகும் அரசாங்கம் கொடுக்கும் ஆறு மாதப் பாதுகாப்பு போன மாதம்தான் முடிந்தது. பின்னால் கறுப்பு வண்டி இல்லாமல் இன்றைக்குத்தான் முதல் தடவை வெளியே போனோம், சோளம் வாங்க. நான்தான் ஓட்டுவேன் என்று ஓரின் அடம்பிடித்தான். பெரிய சாலைக்கு வருவதற்குள் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். திரும்பும்போது விளக்குப் போடவில்லையாம்.

உரிமத்தைப் பார்த்தார், ஓரினைப் பார்த்தார், மறுபடி உரிமத்தைப் பார்த்தார். "சார், இது காலாவதியாகி ஒன்றரை வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா என்னை ஒருத்தனும் ஓட்ட விடலப்பா. அதான் பாக்கவே இல்ல."

அவர் தொப்பியைக் கழற்றினார். முப்பத்தைந்து வயதிருக்கும். "நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் சார். பிரசிடென்ட்டுக்கு இல்ல, அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. சீட்டுல அவர் பேருக்குக் கீழ இருந்த உங்க பேரைப் பாத்துத்தான் போட்டேன். எங்க வீட்டு மாட்டுக்கு வயித்துல கன்னு குறுக்க விழுந்தப்ப கொட்டற பனியில வந்தீங்க. நான் விளக்குப் புடிச்சிட்டு நின்னேன்."

"ரெண்டும் பொழச்சுதா?"

"ரெண்டும் பொழச்சுது சார்." தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு அபராதச் சீட்டை எழுதினார். "ஆனா இதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதுப்பா, எழுது."

என் உரிமத்தை நான் மார்ச்சிலேயே புதுப்பித்திருந்ததால் இடம் மாறிக்கொண்டோம். ஓரின் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போனதும் லைலுக்கு ஃபோன் போடணும்" என்றான். "என்னாலயும் ஒரு ஓட்டு வந்துச்சுன்னு சொல்லணும்."

வழி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். நான் ஓட்டினேன்.